வேக வரம்பும் சம்மனும்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாருக்காவது போக்குவரத்துச் சம்மன் வந்தால், அந்தத் தாள் எப்படியும் என் வாசலுக்கு வந்துவிடும். லோரி நிறுவனம் ஒன்றில் வண்டிகளின் சாலை வரி, காப்புறுதி, சம்மன் கணக்குகளைப் பல ஆண்டுகள் கவனித்தவன் என்பதே அதற்குக் காரணம். பினாங்கில் தங்கை வீட்டுக்குப் போனாலும் அதே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. நீதிமன்றம் வரை போய்விட்ட விவகாரத்துக்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

வேகத்துக்குச் சம்மன் போடுறது போலீஸா, ஜே.பி.ஜே.வா, இல்ல டி.பி.கே.எல்.லா?

போலீஸ், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. ஆகிய இரண்டுமே வேகத்துக்காகச் சம்மன் கொடுக்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம்தான். நெடுஞ்சாலையோரத்தில் நிரந்தரமாக நடப்பட்டிருக்கும், வேகத்தைத் தானாகவே பதிவுசெய்யும் அவாஸ் கேமராக்கள் ஜே.பி.ஜே.வினுடையவை, கையில் ஏந்தியோ முக்காலியில் பொருத்தியோ போலீஸார் பயன்படுத்தும் கருவிகள் போலீஸின் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்தவை. கோலாலம்பூர் மாநகர் மன்றமான டி.பி.கே.எல்., பினாங்குத் தீவு மாநகர் மன்றம் போன்றவை வண்டி நிறுத்துமிடம் தொடர்பான குற்றங்களுக்கு அபராதம் விதிப்பவை. வேகம் அவற்றின் வேலை அல்ல.

இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் இரண்டு அமைப்புகளின் கணக்குகளும் தனித்தனியாக இருக்கின்றன. போலீஸ் சம்மனை 'மைபாயார்' தளத்திலும், ஜே.பி.ஜே. சம்மனை 'மைஜேபிஜே' செயலியிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்த ரோட்டுல எவ்வளவு வேகம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

1989 முதல் நடப்பில் இருக்கும் தேசிய வேக வரம்பின்படி, விரைவு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர், கூட்டரசுச் சாலையிலும் மாநிலச் சாலையிலும் 90, நகர்ப்பகுதியில் 60 என்பது பொதுக் கணக்கு. ஆனால் சாலையோரப் பலகையில் எழுதியிருப்பதே அந்த இடத்துக்கான வரம்பு. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கத்தில் 60, பினாங்குப் பாலத்தில் 80. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை நெருங்கும் மலைப்பகுதியில் 110 சட்டென்று குறைந்துவிடுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்களில் பலர் சம்மன் வாங்குவது, வேகம் கூடிய இடத்தில் அல்ல, வரம்பு குறைந்ததைக் கவனிக்காத இடத்தில்தான்.

பெருநாள் காலங்களில் கூட்டரசு, மாநிலச் சாலைகளின் 90 தற்காலிகமாக 80 ஆகக் குறைக்கப்படுவதுண்டு. அறிவிப்பு செய்தித்தாள்களில் வரும். பேருந்து, லோரிகளுக்கு எப்போதுமே காரைவிடக் குறைந்த வரம்புதான்.

நெடுஞ்சாலை காலியா கிடக்கு. 110க்கு மேல போனா யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சற்று நீட்டித்தான் பதில் சொல்வேன். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். முன்னால் ஒரு லோரி டயர் வெடித்துச் சாய்வதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வண்டி வேகம் குறையத் தொடங்கும் முன்பே 46 மீட்டர் ஓடியிருக்கும். 130இல் போனால் அது 54 மீட்டர். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 110இலிருந்து 130க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, நிற்கும் தூரமோ ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடுகிறது. வண்டியின் உள்ளே இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை என்பதுதான் ஆபத்து.

மறுபுறம் கிடைக்கும் இலாபத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குப் பாலத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர். ஒரே சீராக 110இல் போக மூன்று மணி பத்து நிமிடம். 130இல் போக இரண்டு மணி நாற்பது நிமிடம். இடையில் நெரிசலும் டோலும் ஓய்விடமும் வருவதால் அந்த அரை மணி நேரமும் முழுதாக மிஞ்சுவதில்லை. நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இருட்டில் இடது தடத்தில் மங்கலான பின்விளக்கோடு போகும் மோட்டார் சைக்கிள், "காலியாகக் கிடக்கும்" சாலையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பாலத்துக்கு அடியில ஒளிஞ்சுகிட்டுப் படம் பிடிக்கிறாங்களே, அது சட்டப்படி செல்லுமா?

செல்லும். போலீஸார் கண்ணுக்குத் தெரியும்படி நின்றால்தான் வேகத்தை அளக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஜே.பி.ஜே.வின் நிரந்தரக் கேமராக்களுக்கு முன்பாக எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, எல்லாக் கேமராவுக்கும் பலகை வேண்டும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

லேசர் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்புகளை வண்டியின் மீது மிக விரைவாக அடுத்தடுத்து அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. அந்தத் தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கிறது. கருவி சாலைக்கு நேராக இல்லாமல் ஓரத்தில் கோணலாக இருந்தால் தப்பான வேகம் காட்டும் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தப்பு உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஓட்டுநருக்கே அது சாதகம்.

என்னை யாரும் நிறுத்தவே இல்ல. பிறகு எப்படிச் சம்மன் வந்துச்சு?

போலீஸ் சம்மனில் இரண்டு வகை உண்டு. சாலையில் நிறுத்தி, லைசென்ஸை வாங்கிப் பார்த்து, கையில் கொடுப்பது 'போல் 257' என்ற படிவம். கேமராவில் பதிவான எண்ணை வைத்து வண்டி உரிமையாளருக்குப் பின்னர் அனுப்பப்படுவது 'போல் 170ஏ' என்ற படிவம். மலாயில் 'சமான் ஏகோர்' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். முதல் வகையில் ஓட்டியவர் யார் என்பது போலீஸுக்குத் தெரியும். இரண்டாவது வகையில் வண்டி எது என்பது மட்டுமே தெரியும். ஆகவே அந்தக் கடிதம் அடிப்படையில், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்று உரிமையாளரைக் கேட்கும் கேள்வி. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தாமாகவே விளங்கிவிடும்.

கடிதம் ஜே.பி.ஜே.யில் பதிவாகியுள்ள முகவரிக்குத்தான் போகும். செந்தூலிலிருந்து ரவாங்குக்குக் குடிபோய்ப் பத்தாண்டு ஆகியும் பழைய முகவரியையே வைத்திருப்பவர்கள் ஏராளம். வீடு மாறினால் மின்சாரக் கணக்கை மாற்றுவதுபோல் இதையும் மாற்றிவிடுங்கள்.

வண்டி என் பேர்ல இருக்கு. ஓட்டினது என் மகன். நான் என்ன செய்யணும்?

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று கேட்கப்படும்போது சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை. கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் காலக்கெடுவுக்குள் மகனின் பெயர், அடையாள அட்டை எண் முதலிய விவரங்களைக் கொடுத்தால், சம்மன் அவர் பெயருக்கு மாறும். பதில் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம்.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகனின் லைசென்ஸைக் காப்பாற்ற, வண்டியே ஓட்டாத தாத்தாவின் பெயரைக் கொடுக்கிறார்கள். அரசாங்க அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பது, வேகமாக ஓட்டியதைவிடப் பெரிய குற்றம். முன்னூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிகிற காரியத்தைக் குற்றவியல் வழக்காக நாமே வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு கட்டணும்? தள்ளுபடி வரும்வரைக்கும் காத்திருக்கலாமா?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பவுண்ட் என்பது, வழக்குத் தொடராமல் விவகாரத்தை முடித்துக்கொள்ள இலாகா முன்வைக்கும் தொகை. வேகக் குற்றத்துக்கு அது அதிகபட்சம் 300 வெள்ளி. அபராதம் என்பது நீதிமன்றம் விதிப்பது; அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி அது 2,000 வெள்ளி வரை போகலாம். சம்மன் கையில் கிடைத்ததும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. கம்பவுண்டைக் கட்டி முடிப்பதா, மறுப்பதா என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2026 ஜனவரி 1 முதல் போலீஸும் ஜே.பி.ஜே.யும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தள்ளுபடி. 16 முதல் 30ஆம் நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 31 முதல் 60ஆம் நாள் வரை முழுத்தொகை. அதற்குப் பிறகு நீதிமன்றம். 300 வெள்ளிச் சம்மன் என்றால் 150, 200, 300 என்று ஏறும். முன்பெல்லாம் ஆண்டு முடிவிலும் பெருநாளிலும் பெரிய தள்ளுபடி அறிவிப்பார்கள், அதற்காகச் சம்மன்களைச் சேர்த்து வைத்திருப்பது நம்மில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காகவே புதிய முறை கொண்டுவரப்பட்டது. காத்திருப்பவருக்கு இப்போது தொகை கூடும், குறையாது.

மீட்டர்ல 110தான் காட்டிச்சு, சம்மன்ல 128ன்னு இருக்கு. எது சரி?

வண்டியின் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பது வாகனத் தயாரிப்பில் பின்பற்றப்படும் பன்னாட்டு விதி. ஆகவே பழுதில்லாத காரில் மீட்டர் 110 காட்டும்போது உண்மையான வேகம் 110 அல்லது அதற்குக் கீழேதான் இருக்கும். 128 என்று பதிவாகியிருந்தால், ஓட்டியவர் அந்த நொடியில் மீட்டரைப் பார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் நடந்திருப்பது. இறக்கத்தில் வண்டி தானாகவே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடிவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தொழிற்சாலை பொருத்தியதைவிடப் பெரிய டயரை மாட்டியிருந்தால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் குறைவாகக் காட்டும். அந்தப் பிழைக்கு வண்டிக்காரரே பொறுப்பு.

படத்துல இருக்கிறது என் கார் இல்ல. நம்பர் மட்டும் என்னுது.

படத்தைக் காட்டும்படி சம்மன் கொடுத்த இலாகாவின் முகப்பில் கேளுங்கள். நிறம், மாடல், விளக்கின் வடிவம் ஆகியவற்றை உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். எண்ணைத் தப்பாகப் படித்திருக்கலாம். அப்படியானால் மறுப்புக் கடிதத்தோடு உங்கள் வண்டியின் படங்களைக் கொடுத்தால் போதும்.

வேறொரு வண்டி உங்கள் எண்ணையே மாட்டிக்கொண்டு ஓடுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே போலீஸ் புகார் செய்யுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வண்டி வேறிடத்தில் இருந்ததற்கான டோல் பதிவு, வேலையிடத்து நிறுத்துமிடப் பதிவு போன்றவற்றைத் திரட்டுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால், நாளை அந்தப் போலி எண் கொண்ட வண்டி ஒரு கொள்ளையில் சிக்கினாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவுதான்.

பணம் கட்டிட்டா முடிஞ்சுதா? டீமெரிட் புள்ளியும் வருமா?

வரும். கெஜாரா எனப்படும் புள்ளி முறையில், சில குற்றங்களுக்குக் கம்பவுண்டைக் கட்டும்போதோ நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்போதோ லைசென்ஸில் புள்ளிகள் ஏறும். வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் மீறினால் நான்கு புள்ளிகள். சிவப்பு விளக்கை மீறுவதற்கு நிகரானது. புள்ளிகள் சேரச் சேர முதலில் எச்சரிக்கை, பிறகு லைசென்ஸ் முடக்கம், இறுதியில் ரத்து. புதிதாக ஓட்டத் தொடங்குவோருக்கான 'பி' லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. புள்ளி ஏறுவது ஓட்டியவரின் லைசென்ஸில் என்பதால்தான், மகனைப் பற்றிய மேற்கண்ட கேள்வி அவ்வளவு முக்கியமாகிறது.

கட்டாம விட்டா என்ன ஆயிடும்?

60 நாள் கடந்தால் வழக்கு. நீதிமன்ற அழைப்பையும் புறக்கணித்தால் கைது ஆணை. கறுப்புப் பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டால் சாலை வரியையோ லைசென்ஸையோ புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லாமல் ஓட்டுவது இன்னொரு குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல். எங்கள் மாடியிலேயே ஓர் இளைஞர், சாலைத் தடுப்புச் சோதனையில் கைது ஆணை இருப்பது தெரிந்து, வேலை நேர்காணலுக்குப் போக வேண்டிய காலையைக் காவல் நிலையத்தில் கழித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரே ஒரு கடிதம், பிரிக்கப்படாமல் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது.

நான் தப்பே செய்யலன்னு கோர்ட்டுல வாதாடலாமா?

தாராளமாக. கம்பவுண்டைக் கட்டாமல், குறித்த நாளில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு நேரில் போய் விசாரணை கோரலாம். கோலாலம்பூரில் அது ஜாலான் டூத்தா வளாகம். பினாங்குத் தீவில் லைட் ஸ்திரீட். மலாய் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது: படம், கருவி சரிபார்க்கப்பட்டதற்கான சான்றிதழ், அதைப் பயன்படுத்திய அதிகாரியின் சாட்சியம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கேள்வி எழுப்பலாம்.

ஆனால் தோற்றால் 300 வெள்ளி வரம்பு உங்களுக்கு இருக்காது. 2,000 வரையிலான அபராதம் நீதிபதியின் கையில். உண்மையாகவே தவறு நேர்ந்திருந்தால் வாதாடுங்கள், ஆத்திரத்தில் மட்டும் போக வேண்டாம்.

மனைவிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். அதுக்குமா சம்மன்?

பணியில் இருக்கும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வண்டிகளுக்குத்தான் விலக்கு. சொந்தக் காருக்கு இல்லை. ஆனாலும் மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்துப் போக்குவரத்துப் பிரிவுக்கு மேல்முறையீடு எழுதலாம். நேரமும் நாளும் பொருந்தினால் அதிகாரிகள் கருணையோடு பார்ப்பதுண்டு. அது அவர்களின் விருப்பம், நமது உரிமை அல்ல. 15 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் மேல்முறையீட்டை உடனே எழுதுங்கள். வலி வந்ததும் 999ஐ அழைப்பதே நல்லது. பதற்றத்தில் ஓட்டுபவரால் தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாவதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நிறுத்தினவர்கிட்ட 'காப்பிக் காசு' கொடுத்தா விட்டுடுவாங்களாமே?

கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறையும், கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அந்த அபராதமும் விதிக்கலாம். ஐம்பது வெள்ளியை நீட்டியவருக்கும் இதே பிரிவுதான். யாராவது கேட்டால், "சம்மனையே எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லி, நாள், நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஊழல் தடுப்பு ஆணையத்தில் புகார் செய்யுங்கள்.

கம்பெனி லோரியில போனப்ப வந்த சம்மன். சம்பளத்துல பிடிக்கிறாங்க. சரியா?

கடிதம் உரிமையாளரான நிறுவனத்துக்கு வரும், நிறுவனம் ஓட்டுநரின் பெயரைக் கொடுக்கும், குற்றம் ஓட்டுநருடையதாகும். இது ஒரு பக்கம். சம்பளத்தில் பிடிப்பது வேறு விவகாரம்: 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எந்தெந்தத் தொகையைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது, முதலாளி விரும்பியதையெல்லாம் பிடிக்க முடியாது. ஐயம் இருந்தால் தொழிலாளர் இலாகாவைப் பாருங்கள்.

நான் பணியாற்றிய காலத்திலிருந்தே என்னை உறுத்தும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நாளில் இத்தனை நடை ஓடினால்தான் படி என்று விதித்துவிட்டு, வேகத்துக்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. 2025 ஜூனில் கெரிக் அருகே 15 பல்கலைக்கழக மாணவர்களைப் பலிகொண்ட பேருந்து விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபர் முதல் கனரக வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அது ஓட்டுநருக்குப் பூட்டிய விலங்கு அல்ல. "இன்னும் வேகமாகப் போ" என்று தொலைபேசியில் விரட்டுகிறவருக்கு அவர் காட்டக்கூடிய பதில்.

வாட்ஸ்அப்ல சம்மன் லிங்க் வந்திருக்கு. அமுக்கலாமா?

வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன இரண்டு இடங்களிலும் நீங்களே போய்ப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் அந்தச் செய்தி மோசடி. தெரியாமல் செயலியை இறக்கிவிட்டாலோ பணம் போய்விட்டாலோ உடனே 997 என்ற தேசிய மோசடி உதவி மையத்தையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள்.

ரெண்டு கேமராவுக்கும் இடையில வேகமா போய்ட்டு, கேமராகிட்ட மட்டும் மெதுவா போனா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேஸ் (Waze) வழிகாட்டிச் செயலியில் கேமரா இருக்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள். கேமரா தெரிந்ததும் சட்டென்று பிரேக் பிடிப்பதால் பின்னால் வருபவர் மோதும் ஆபத்து உண்டு. போலீஸின் கருவிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வரைபடம் முழுமையானதும் அல்ல. மேலும் போக்குவரத்து அமைச்சு 2025இல், இரண்டு முனைகளுக்கு இடையிலான சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தது.

அதன் கணக்கு எளிமையானது. முதல் கேமராவும் இரண்டாவது கேமராவும் 20 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 110இல் போனால் அந்தத் தூரத்தைக் கடக்க 11 நிமிடம் ஆக வேண்டும். ஒருவர் 9 நிமிடத்தில் கடந்துவிட்டால், இரண்டு கேமராக்களின் முன்பும் அவர் 90இல் ஊர்ந்து போயிருந்தாலும் அவருடைய சராசரி வேகம் 133.